ஒட்டடைக் கம்பில் கன் மைக்

பதினாலு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறான் ஜெயவேலு. மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் கடை. இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன்கூட அவனிடம் வந்து, "சத்தம் எப்படி வரும்?" என்று கேட்டதில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? கல்யாண வீடியோவில் சத்தம் என்றால் பாட்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு குத்துப் பாட்டு, தாலி கட்டும்போது ஸ்லோ மோஷனில் ஒரு மெலடி, பந்திக்கு ஒரு வேடிக்கைப் பாட்டு. வாத்தியார் சொன்ன மந்திரம், அத்தை மூக்கைச் சிந்தியது, சித்தப்பா சமையல்காரரைத் திட்டியது எல்லாம் பாட்டுக்கு அடியில் போய்விடும். அதுவே நல்லது என்பது ஜெயவேலுவின் கட்சி. கல்யாண மண்டபத்தில் பேசுவதையெல்லாம் அப்படியே போட்டால் பாதிக் குடும்பங்கள் மறுநாளே பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும் என்பான்.

அதனால்தான் சூர்யநாராயணன் கடைக்குள் வந்து உட்கார்ந்து, "ஒரு பாட்டுகூடப் போடக்கூடாது," என்றதும் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னா சார் சொல்றீங்க? பாட்டு இல்லாம கல்யாண வீடியோவா? யாரு சார் அதைப் பாப்பாங்க?"

"நான் பாக்க மாட்டேனே. கேக்கத்தானே போறேன்," என்றார் சூர்யநாராயணன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மடியில் மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கம்பை ஜெயவேலு அப்போதுதான் சரியாகப் பார்த்தான். உள்ளே வரும்போதே கண்ணில் பட்டதுதான். வியாபார ஜோரில் மண்டையில் ஏறவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டான். பேச்சை மாற்ற அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சூர்யநாராயணனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பார்வையில்லாதவர்களும் ஒரு ஆப்பை ஓட்ட முடிகிறதா என்று சோதித்து, முடியவில்லை என்றால் அதைச் செய்தவர்களை உண்டு இல்லை என்று பண்ணுவது அவர் உத்தியோகம். அப்படி ஒரு தடவை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான் மிருதுளா. அந்தச் சண்டை முற்றிக் கல்யாணத்தில் வந்து நின்றிருந்தது.

"எங்க அக்கா கல்யாண வீடியோவை வீட்டுல இதுவரைக்கும் பத்து தடவை போட்டிருப்பாங்க," என்றார் அவர். "எல்லாரும் சிரிக்கறாங்க, அழறாங்க. எனக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் சினிமாப் பாட்டு. என் கல்யாணத்துலயும் அதேதான்னா, எனக்கு எதுக்குங்க வீடியோ?"

ஜெயவேலு ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான்.

"எல்லாம்கூட வேண்டாம். ஒரு நிமிஷம். தாலி கட்டற அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணும். மிருதுளா வீட்டு வழக்கப்படி, பொண்ணை அப்பா மடியில உக்கார வெச்சுத்தான் தாலி கட்டணும். அவ அப்பாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும். அந்த மனுஷர் ரெண்டு வருஷமா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம்னு அவ அம்மாதான் சொன்னாங்க. அவர் வாயால வரலை."

"அப்பா அப்படித்தான்," என்று மிருதுளா இழுத்தாள்.

"அப்படித்தான்னா எப்படி? உங்களுக்கெல்லாம் முகத்தைப் பாத்தா தெரிஞ்சுடும். எனக்குக் குரல்தான் முகம். பெருமூச்சு விடறாரா, முனகறாரா, பொண்ணை மனசாரத்தான் குடுக்கறாரான்னு எனக்குத் தெரியணும். அந்த நேரம் பாத்துக் கெட்டிமேளம் கொட்டுவாங்க. என் காதுல ஒண்ணும் விழாது. நீங்கதான் பிடிச்சுக் குடுக்கணும்."

"புடிச்சுக் குடுக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டான் ஜெயவேலு. எப்படி என்று அவனுக்குத் துளிகூடத் தெரியாது. மனசு இளகினால் வாய் தானாக வாக்குக் கொடுத்துவிடும் ஜாதி அவன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு ஷாட்கன் மைக் வாங்கி வந்தான். தொழிலில் இருப்பவர்கள் கன் மைக் என்பார்கள். ஒரு அடி நீளத்தில் கறுப்புக் குழல், பக்கவாட்டில் கீற்றுக் கீற்றாகத் துளைகள். லென்ஸ் எப்படித் தூரத்து முகத்தைக் கிட்டே இழுக்கிறதோ, அப்படியே இது தூரத்துப் பேச்சை இழுத்துவிடும் என்று அவனாகவே முடிவு கட்டினான். கேமரா தலையில் அதை மாட்டி, சேலையூரில் நடந்த நிச்சயதார்த்தத்தில் ஹாலின் கடைசிக் கோடியில் போய் நின்றுகொண்டான்.

பெண்ணின் அப்பா ஸ்ரீநிவாசராகவனை அன்றுதான் முதலில் பார்த்தான். ஒல்லியான மனிதர். சிரிப்புக்கும் அவருக்கும் அதிகப் பழக்கமில்லை என்று தெரிந்தது. மாப்பிள்ளை இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க, அவர் தன் மனைவி பட்டுவிடம், "அவர் ஏதாவது சாப்ட்டாரான்னு கேளு," என்றார். பட்டு மாமி திரும்பி, "ஏதாவது சாப்ட்டேளா?" என்றாள். "சாப்ட்டேன் மாமி," என்றார் மாப்பிள்ளை. மாமி மறுபடி கணவர் பக்கம் திரும்பி, "சாப்ட்டாராம்," என்றாள். ஜெயவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் இருக்கிறது, காது இருக்கிறது, நேராகக் கேட்டால் என்ன குறைந்துவிடும் இந்தப் பெரிய மனிதருக்கு?

மறு ஞாயிற்றுக்கிழமை சூர்யநாராயணன் கடைக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எடுத்ததைக் கேட்டார். ஐந்து நிமிஷத்தில் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஜெயவேலு, உங்களுக்கும் மேடைக்கும் நடுவுல யாரோ ஒருத்தர் அருமையா தூங்கியிருக்கார்."

உண்மைதான். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியப்பா. மைக் நேராக அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்ததால், வாத்தியார் லக்னப் பத்திரிகை வாசித்தது கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகவும், பெரியப்பாவின் குறட்டை மட்டும் துல்லியமாகவும் பதிவாகியிருந்தது.

"இது லென்ஸ் மாதிரி இல்லைங்க. முன்னால இருக்கறதை எடுக்குது, அவ்வளவுதான். தூரத்துல இருக்கறது தூரத்துலயேதான் இருக்கு," என்றார் சூர்யநாராயணன். "கேமரா எங்க வேணா நிக்கட்டும். மைக் பக்கத்துல போகணும்."

பதினாலு வருஷ சர்வீஸுக்கு வந்த மரியாதையைப் பார் என்று ஜெயவேலு மனசுக்குள் பொருமினான். ஆனால் அந்த மனுஷன் சொன்னது நியாயம். வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். அடுப்படியில் அவன் மனைவி தையல்நாயகி மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, மைக்கை அவள் வாய்க்கு முழ தூரத்தில் நீட்டினான்.

"ஏதாச்சும் பேசு."

"உனக்கு வேற வேலையே இல்லியாய்யா? கேஸு தீந்து மூணு நாளாவுது, புக் பண்ணியா? துப்பாக்கிய நீட்டிகினு வந்து நிக்கிற?"

போட்டுக் கேட்டான். மிக்ஸி எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடுவதாகக் கேட்டது. திட்டு மட்டும் முழுசாக, தெளிவாக, ஒரு எழுத்து சேதமில்லாமல் இருந்தது. பெண்டாட்டியிடம் வாங்கிய திட்டை நாலு தடவை போட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன் தாம்பரத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விஷயம் பிடிபட்டுவிட்டது. முன்னால் இருப்பதை எடுக்கிறது, பக்கவாட்டில் வருவதைத் தள்ளிவிடுகிறது. அப்படியென்றால் மைக்கை மேலேயிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, நேரே கீழே பார்க்க வைக்க வேண்டும். மேளக்காரர்கள் மேடையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவர்கள் அதற்குப் பக்கவாட்டுதான். அதற்கு நீளமான, கனமில்லாத கம்பு வேண்டும். பரணில் இருந்தது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிற அலுமினியக் கம்பு, இழுத்தால் பன்னிரண்டு அடி நீளும். நுனியிலிருந்த பிரஷைக் கழற்றிவிட்டு, மைக்கை ரப்பர் பேண்டும் நூலுமாகக் கட்டினான். மண்டபத்து ஃபேன் காற்று இரையாமல் இருக்க, கடைக்காரர் கூடவே கொடுத்திருந்த சாம்பல் நிற ரோம உறையையும் மாட்டினான்.

"யாரு புடிக்கறது?" என்றாள் தையல்நாயகி.

ஜெயவேலு அவளையே பார்த்தான்.

"பொங்கலுக்குப் பொங்கல் நான்தான் புடிக்கிறேன். கல்யாணத்துலயும் நானா?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "பட்டுப்புடவை எடுத்துக் குடு, புடிக்கறேன். அந்த மாப்ளப் புள்ள பாவம்."

கல்யாணம் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். தையல்நாயகி மாம்பழ நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு, கொலு பொம்மைபோல மேடையோரம் போய் நின்றாள். கன்னிகாதானம் முடிந்தது, கூறைப்புடவை மாற்றிக்கொண்டு பெண் வந்தாள், ஸ்ரீநிவாசராகவன் நெல் பரப்பிய பலகையில் உட்கார்ந்து மகளை மடியில் அமர்த்திக்கொண்டார். ஜெயவேலு கண்ணைக் காட்டினான். தையல்நாயகி கம்பை மளமளவென்று இழுத்து உயர்த்தினாள்.

"ஐயையோ! முகூர்த்த நேரத்துல யாரது ஒட்டடை அடிக்கறது?" என்று பட்டு மாமி போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரரே சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

மண்டபமே அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளை தலைக்கு மேலே ரோமம் அடர்ந்த என்னவோ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மாமா அதை வௌவால் என்றார். இன்னொரு மாமா, மண்டபத்துக்காரனைக் கூப்பிடு என்று கத்தினார்.

"மைக்கு மாமி! மைக்கு! மாப்ள சார் கேட்டது!" என்று ஜெயவேலு கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான்தான் கேட்டேன் மாமி," என்றார் சூர்யநாராயணன், மாலைக்குள்ளிருந்து.

வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. "மைக்கோ பூனையோ, நல்ல நேரம் போறது. கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

அவ்வளவுதான். தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. அட்சதையைக் கையில் வைத்திருந்த இருநூறு பேரும் ஒரேயடியாக மேடையை நோக்கி எழுந்தார்கள். ஜெயவேலு கேமராவைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தான். ஆனால் சந்தன நிறப் பட்டு ஜிப்பா போட்ட ஒரு அகலமான மனிதர் நேரே லென்ஸுக்கு முன்னால் வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றுவிட்டார். "சார், சார், நவுருங்க சார்!" என்று ஜெயவேலு கத்தியது மேளத்தில் கரைந்தது. வேறு பக்கம் புகுந்து போகலாம் என்றால் அங்கே ஏழெட்டு செல்போன். யாருடைய முழங்கையிலோ மாட்டி அவன் காதிலிருந்த ஹெட்போனும் பிடுங்கிக்கொண்டு போனது. தலைகளுக்கு மேலே அந்த ரோம மைக் மட்டும் தெரிந்தது. மேளம் ஏற ஏற, தையல்நாயகி அதை ஒரு முழம் கீழே இறக்கினாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மேளம் அடங்கிக் கூட்டம் கலைந்தபோது தாலி ஏறியிருந்தது. ஜெயவேலு அதைப் பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். கெட்டிமேளத்தின் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை திரை நிறைய ஒரு முதுகு. சந்தன நிற முதுகு. பார்வையுள்ள இருநூறு பேரில் யாரும் அவன் கேமராவுக்குத் தாலியைக் காட்டவில்லை.

"வழக்கம்போலப் பண்ணு," என்றாள் தையல்நாயகி. "மேடைக்கு ஏர்ற படத்தை ஸ்லோ மோஷன்ல வுட்டு, மேல ஒரு பாட்டைப் போடு. யாருக்குத் தெரியும்?"

மற்ற எந்தக் கல்யாணமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். இது முடியாது. படமும் போயிற்று, சத்தமும் போயிருந்தால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? மைக்கில் பதிவானதைத் தனியாகப் பிரித்து ஓடவிட்டான்.

முதலில் அட்சதை ரோம உறைமேல் சரசரவென்று விழுந்தது. மேளம் பெரிதாகத்தான் கேட்டது. ஆனால் ஒரு ஓரமாக, தள்ளி நின்று கேட்டது. அதற்கு அடியில், கிட்டத்தில், மெல்ல ஒரு குரல்.

"பதட்டப்படாதீங்கோ மாப்பிள்ளை. என் கையைப் பிடிச்சுக்கோங்கோ. இங்கதான்... இன்னும் இத்தனூண்டு வலது பக்கம்... ஆங், கிடைச்சுதா? நிதானமா போடுங்கோ. நான் பிடிச்சுண்டிருக்கேன். எங்க பொண்ணு இனிமே உங்க பொறுப்பு. உங்களைவிட நல்லா யாரும் பாத்துக்கப் போறதில்லை, எனக்குத் தெரியும்... ஆச்சு. முடிச்சு நன்னா விழுந்தது."

கொஞ்ச நேரம் மேளம் மட்டும். பிறகு மிருதுளாவின் குரல், "அப்பா, அழறேளா?"

"இல்லடி. புகை."

ஜெயவேலு எழுந்துபோய்க் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழவரை எத்தனை திட்டியிருக்கிறான் மனசுக்குள்! உள்ளே தையல்நாயகி பட்டுப்புடவை கட்டிய கல்யாணத்தன்று அழவேண்டியதையெல்லாம் இப்போது சேர்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"தோ பாரு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சு அந்தப் பெரியவர் சொல்லிகீறாரு. கூட்டத்துல போட்டு ஒடைக்காத. மாப்ள காதுல மட்டும் போடு."

அந்த வாரக் கடைசியில் சேலையூரில் பெண் வீட்டுக்கு லேப்டாப்போடு போனான். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதுகு வந்ததும் பட்டு மாமி பொங்கி எழுந்தாள்.

"இது என்னதுப்பா? தாலி எங்கே? எங்க சம்பத்து அத்திம்பேர் முதுகைப் பாக்கவா உம்மை வரச் சொன்னோம்?"

"தப்புதான் மாமி. என் தப்புதான். படம் போச்சு," என்றான் ஜெயவேலு. "ஆனா சார் கேட்டது கீது." சூர்யநாராயணன் கையில் ஹெட்போனைக் கொடுத்தான்.

ஸ்ரீநிவாசராகவன் எதிர் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதாக.

சூர்யநாராயணன் கேட்டார். முகத்தில் இருந்த கிண்டலெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. விரலைச் சுழற்றி, இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். ஜெயவேலு போட்டான். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன கேக்கறது? சொல்லுங்களேன்," என்றாள் மாமி. "இவர் ஏதாவது சொன்னாரா?"

பேப்பர் அசையவில்லை. பக்கம் புரளவும் இல்லை.

"பெருசா ஒண்ணுமில்லை மாமி. புகை ஜாஸ்தின்னு சொல்லியிருக்கார்."

பேப்பர் மெல்ல இறங்கியது. ஸ்ரீநிவாசராகவன் மாப்பிள்ளையைப் பார்த்தார், ஜெயவேலுவைப் பார்த்தார், அந்த ஹெட்போனைப் பார்த்தார். எழுந்து வந்து மாப்பிள்ளை பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். மாமி வாயைத் திறப்பதற்குள், "எங்கே, நானும் கேக்கறேன். குடுங்கோ," என்றார், நேராக மாப்பிள்ளையிடமே.

சூர்யநாராயணன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி மாமனார் காதில் வைத்தார், மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டார். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. ஜெயவேலு மறுபடி ஓடவிட்டான். ஒரு நிமிஷம்தான். அது முடிந்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"என் குரல் இப்படியா நடுங்கித்து?" என்றார்.

"குரல்தான் மாமா நடுங்கித்து. கை நடுங்கவே இல்லை," என்றார் சூர்யநாராயணன். "வாத்தியார் கைன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

ஸ்ரீநிவாசராகவன் மாப்பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.